சவுக்காரக் கை

முதலாளி இருந்தார், நான் இருந்தேன், தொட்டியில் ஐந்து கடல்மீன்கள் இருந்தன. பதுளையில் கடை வைத்திருந்தவர், நரைத்த தாடிக்காரர். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்துவிட்டு மத்தியானம் அவர் வீட்டு வேலைக்குப் போவேன்.

வாளித் தண்ணீரில் கடலுப்பைக் கரைத்து ஒருநாள் வைப்பார். தொட்டியில் ஊற்றுமுன் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்ப்பார். ஒரு தடவை அவருக்குக் காய்ச்சல், ருசி தெரியவில்லை. முந்தின நாள் உப்புக் கரைந்ததா என்று வாளியில் நான் கைவிட்டுத் துழாவியிருந்தேன்.

ஊற்றிய பிறகு மீன்கள் மல்லாந்தன.

“நேத்து வாளியில கைவிட்டியா? கையில என்ன இருந்திச்சு புள்ள?”

“அட்டை கடிக்காம இருக்கக் கால்ல சவுக்காரக் கட்டி தேச்சேங்க, மொதலாளி. கையைக் கழுவல.”

வேலை போயிற்று என்று நின்றேன்.

“அட்டை பொழச்சிருச்சு. மீனுதான் மாட்டிக்கிச்சு. நாளைக்குக் கையைக் கழுவிட்டு வா.”

ஏன் வையவில்லை என்று இன்றும் தெரியவில்லை. மறுநாள் அவரே வாளியில் உப்பைக் கரைத்துக்கொண்டிருந்தார். தொட்டியில் எண்ணிப் பார்த்தேன். இரண்டு பிழைத்திருந்தன.