முன் பம்பர் இல்லாத மஞ்சள் வண்டி

எங்கள் ஊர் ஒவாசோவில் வெர்லின் கைப்பரின் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம். அவனுடைய பழைய காருக்கு ஒரு முன் பம்பர் வேண்டும் என்பது தெரியாதவர்கள் கிடையாது. ஆறு வருஷம் என் உயிரை வாங்கினான். நான் வண்டி உதிரிபாகக் கடையில் கவுண்டருக்குப் பின்னால் முப்பது வருஷமாக நிற்பவன். எழுபதாம் வருஷத்து வண்டிக்கு மஞ்சள் பம்பர் என் அலமாரியில் எப்படி முளைக்கும்? அது அவனுக்கும் தெரியும். இருந்தாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து நிற்பான்.

"ஏதாவது தகவல் உண்டாடா ட்வைட்?"

"உன் கல்யாணத்துக்குள்ள வந்துரும்டா."

அறுபத்து நாலு வயதுப் பிரம்மச்சாரி. சிரித்துக்கொண்டே போய்விடுவான்.

வண்டி, ஓல்ட்ஸ்மொபீல் ரேலி 350. அந்த ஒரு வருஷம் மட்டும் வந்தது, மூவாயிரத்து ஐந்நூறு சொச்சம்தான் செய்தார்கள். உடம்பு மஞ்சள், சக்கரம் மஞ்சள், முன்னும் பின்னும் பம்பர்கூட மஞ்சள். அழுத்தினால் சும்மா பிய்த்துக்கொண்டு போகும். ஆனால் ஜனங்கள் பள்ளிக்கூட பஸ் என்று கேலி பண்ணினார்களே தவிர வாங்கவில்லை. வெர்லின் அப்போது பத்தொன்பது வயது மெக்கானிக், புது வண்டி விற்கிற ஒரு கடையில். "அந்த மஞ்சளக் கழட்டி எறிஞ்சிட்டு பளபளன்னு வெள்ளி நெறத்துல ஒண்ண மாட்டு, அப்பவாவது எவனாவது வாங்குறானா பாப்போம்" என்றாராம் முதலாளி. நாலு வண்டிக்குக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டவனே இவன்தான். அதே சனியனைத் தேடி நாற்பது வருஷம் கழித்து இவனே அலைந்தான் என்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது!

வெள்ளி பம்பர் மாட்டின ஒரு ரேலியை பெர்ரி என்ற ஊர்ப் பக்கம் ஒரு பண்ணைக் கொட்டகையில் கண்டுபிடித்து வாங்கி வந்தான். பேர்பெற்ற வண்டியாக வாங்கக்கூடாதா என்று எல்லோரும் திட்டினோம். "அதுக்குத்தான் ஊரே இருக்கே. இத யாரும் சீண்டல, நான் வச்சுக்கறேன்" என்றான். பின் பம்பர் சீக்கிரமே கிடைத்துவிட்டது. வெள்ளியைக் கழற்றிப் போட்ட முன் பக்கம்தான் பல் விழுந்த வாய் மாதிரி நின்றது.

"கழட்டின வெள்ளி பம்பருக்கே மஞ்சப் பெயிண்ட் அடிச்சுத் தொலையேன்டா" என்றேன் ஒருநாள்.

"அது பெயிண்ட் இல்லடா. ரப்பர் மாதிரி ஒரு பூச்சு. தொட்டாத் தெரிஞ்சிரும்."

"எவன்டா உன் பம்பரத் தொட்டுப் பாக்கப் போறான்?"



சனிக்கிழமைதோறும் அவன் கராஜில் நாங்கள் நாலைந்து பேர் கூடுவோம். டோனட், காபி, மிளகாய் போட்ட பீன்ஸ் குழம்பு, எல்லாம் அவன் செலவு. வண்டிக்கு மூளையைக் கசக்கினதைவிட சீட்டு ஆடினதுதான் அதிகம். ஞாயிற்றுக்கிழமை அவன் தொலைபேசியைப் பிடித்துக்கொள்வான். அந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் நாடு பூராவும் கொஞ்சம் பேர்தானே, அத்தனை பேர் நம்பரும் ஒரு நோட்டில் இருக்கும். அதில் ஒருத்தி பக்கத்து மாநிலத்தில், டொலீடோவில் இருக்கிற லோர்னா புரூசிக். புருஷன் ரே செத்துப்போய், அவர் ரேலியும் துருப்பிடித்து உதிர்ந்துபோய், முன் பம்பர் மட்டும் பத்திரமாக இருந்தது. அதைக் கொடுக்க அவளுக்கு மனசில்லை. இவனும் விடவில்லை. ஞாயிறு தவறாமல் இரண்டு மணி நேரம் பேச்சு. பம்பர் பற்றி இரண்டு நிமிஷம், மீதி அவள் தோட்டத்து முயல், இவன் முழங்கால் வலி.

மே மாதம் ஒரு புதன்கிழமை வெர்லின் கடைக்கு ஓடி வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"லோர்னா சனிக்கிழமை வர்றாடா. பம்பரத் தர்றாளாம். நான் ஊர்ல இல்லன்னு நீ போன் பண்ணிச் சொல்லிரு."

"உனக்குப் பைத்தியமாடா? ஆறு வருஷமா இதுக்குத்தானே நாயா அலஞ்ச!"

என்னை வீட்டுக்குக் கூட்டிப்போனான். கராஜ் பரணில் ஏறி, பழைய போர்வையில் சுற்றின ஒரு நீள மூட்டையை இறக்கினான். அவிழ்த்தான். மஞ்சள் பம்பர். கீறல்கூட இல்லை.

"எப்போ கெடச்சுது?"

"மூணு வருஷமாச்சு. இண்டியானாவுல, பழைய சாமான் சந்தையில."

எனக்கு வந்த கோபத்துக்கு அதாலேயே அவனை ஒரு போடு போட்டிருப்பேன். மூணு வருஷமாக எத்தனை கடைக்கு நான் போன் போட்டிருக்கிறேன், மடையன் மாதிரி!

"நாலு போல்ட்டுடா வெர்லின்! மாட்டறதுக்கு என்ன கேடு?"

"இதுக்கு முன்னாடி அந்த நீல வண்டிய ரிப்பேர் பண்ணி முடிச்சப்போ ஞாபகமிருக்கா? எல்லாரும் கை தட்டினீங்க. தெருவ ஒரு சுத்துச் சுத்தினோம். அதுக்கப்புறம் பனி விழற வரைக்கும் என் கதவ ஒருத்தன் தட்டலடா."

நானும்தான் தட்டவில்லை.

"லோர்னாகிட்டயாவது உண்மையச் சொல்லிரு. பம்பர் வேணாம், பேசத்தான் கூப்பிட்டேன்னு சொல்லு. அவ ஒண்ணும் கடிச்சுத் தின்னுர மாட்டா."

"சொல்றேன்" என்றான். "வரட்டும், சொல்லிர்றேன்."

சனிக்கிழமை பத்து மணிக்கு அவள் வந்தாள். குட்டையான பெண்பிள்ளை, நரைத்த பின்னல். பிக்கப்பின் பின்னால் பம்பரை ஆரஞ்சு நிற வேட்டைக் கோட்டில் பொதிந்து கொண்டுவந்திருந்தாள். ரே மான் வேட்டைக்குப் போட்ட கோட்டாம். வெர்லின் சவரம் பண்ணி, இஸ்திரி போட்ட சட்டையில் நின்றான். அவன் இஸ்திரிச் சட்டை போட்டு நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ரொம்ப நாள் உங்கள அலைய விட்டுட்டேன் வெர்லின்" என்றாள் லோர்னா. "பாவம், இந்த ஒரு இரும்புக்காக வாரா வாரம் என் புலம்பலையெல்லாம் கேட்டுக்கிட்டீங்க. முயல் கதையெல்லாம் சொல்லி அறுத்திருக்கேன். எனக்கே வெக்கமாப் போச்சு. அதான் குடுத்துரலாம்னு முடிவு பண்ணிட்டேன்."

வெர்லின் வாயைத் திறந்தான். சொல்லித் தொலைடா என்று நான் அவன் முதுகில் குத்தினேன். அவள் கோட்டை விலக்கி, பம்பரை ஒரு தடவை தடவிப் பார்த்தாள்.

"ரே வண்டியோடது, இன்னொரு வண்டியில ரோட்டுல போகப்போகுது. போதும் எனக்கு" என்றாள். அவள் கண் கலங்கிவிட்டது.

அவன் வாய் மூடிக்கொண்டது. நானாவது உடைத்துவிடலாமா என்று பார்த்தேன். வேண்டாம் என்கிற மாதிரி தலையை ஆட்டினான். நாலு போல்ட்டையும் அவனே முடுக்கினான். ஒன்று கீழே விழுந்து உருண்டது, அவள்தான் பொறுக்கிக் கொடுத்தாள். குழம்பு இருக்கிறது, சாப்பிட்டுப் போங்கள் என்றான். நேரமாகிவிட்டது என்றாள். கோட்டை மடித்துப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டாள்.

"இனிமே ஞாயித்துக்கிழமை உங்களத் தொந்தரவு பண்ண மாட்டேன்" என்று சிரித்தபடி வண்டியை எடுத்தாள்.

வெர்லின் அவள் தெருமுனை திரும்பும்வரை கையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

அடுத்த இரண்டு சனிக்கிழமை நான் போனேன். மூன்றாவது வாரம் மச்சினன் வீட்டில் வேலை. நாலாவது வாரம் என்ன காரணம் என்று எனக்கே ஞாபகமில்லை. மற்றவர்கள் எனக்கு முன்னாலேயே வருவதை நிறுத்திவிட்டார்கள். ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல் போனேன். வண்டி பளிச்சென்று முழுசாக நின்றது. அவன் தொலைபேசி பக்கத்தில், லோர்னா நம்பர் இருக்கிற பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"கூப்பிடேன்டா, மனுஷா. அவளும் அங்க தனியாத்தானே உக்காந்திருப்பா."

"என்னன்னு சொல்லிக் கூப்பிடுவேன் ட்வைட்?" என்றான். "பம்பர்தான் கெடச்சிருச்சே."