சேவியர் என்னை அடித்தது ஏன்

தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது, என்னோடு வேலை பார்த்த முருகேசன் தொலைபேசியில் அழைத்தான். "சேவியர் அண்ணன் போயிட்டாரு லா. மாரடைப்பு. மார்சிலிங் வீட்லதான் வச்சிருக்காங்க." மீனைக் கடையிலேயே விட்டுவிட்டு டாக்சி பிடித்தேன்.

அவரைத் தெரிந்த உங்களுக்கு அவருடைய கோபமும் தெரியும். ஒரு கடைத்தொகுதியின் பெரிய குளிரூட்டும் இயந்திரங்களை அவர் பராமரித்தார். நான் அங்கே பொறியாளர். "கேஸ் என்ன சோப்பா, தேஞ்சு போறதுக்கு? குறைஞ்சா எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம்" என்பார். கசிவைத் தேடாமல் குளிரூட்டும் வாயுவை மட்டும் நிரப்பிய ஒப்பந்தக்காரரை ஒருமுறை சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினார்.

அந்த வாயுவை அழுத்தும் புதிய கம்ப்ரஸர் வாங்கும்போது எங்களுக்குள் முட்டிக்கொண்டது. மோட்டாரும் கம்ப்ரஸரும் ஒரே மூடிய கூட்டுக்குள் இருப்பதுதான் வேண்டும் என்றார் அவர். மோட்டார் வெளியே இருந்தால் பழுது பார்க்க எளிது என்றேன் நான். "வெளிய வர்ற தண்டைச் சுத்தி ஒரு சீல் இருக்கு. அது ஒருநாள் கிழியும்" என்று மேசையில் ஓங்கிக் குத்தினார். காப்பிக் குவளை உருண்டு உடைந்தது. மேலதிகாரிகள் என் பக்கம் நின்றார்கள்.

சில மாதங்களில், தண்டைச் சுற்றி வாயுவை அடைத்திருந்த சீல் மெல்லக் கசிந்தது. கசிவு அலாரம் அடிக்கடி அலறியது. சேவியர் குத்திக்காட்டுவாரே என்ற எரிச்சலில் அதை அணைத்துவைத்தேன். அதன் சாவி என்னிடம் மட்டுமே இருந்தது.

ஒரு மதியம் சீல் முழுவதும் கிழிந்து, அடித்தள இயந்திர அறையில் வாயு நிரம்பியது. தெரியாமல் உள்ளே போன முருகேசன் சுருண்டு விழுந்தான். சேவியர் சுவாசக் கருவியை மாட்டிக்கொண்டு பாய்ந்தார். அவன் காலைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்துப் போட்டார். அவன் இருமி மூச்சு விட்டதும், அணைந்திருந்த அலாரத்தைப் பார்த்தார். திரும்பி என் வாயில் குத்தினார். இரண்டு பற்கள் போயின. விழுந்த என்னை உதைக்கவும் செய்தார். நான்கு பேர் சேர்ந்துதான் அவரை விலக்க முடிந்தது.

விசாரணையில் "அடிச்சேன்" என்று மட்டும் சொன்னார். நானும் அவர் அடித்ததை மட்டுமே சொன்னேன். அலாரம் பழுது என்று எழுதிக்கொண்டார்கள். அவருக்கு வேலை போனது.

மின்தூக்கி அருகே அவரை நிறுத்தி, "அலாரத்தைப் பத்தி ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"உன் வாயால வரட்டும்னு இருந்தேன்" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. இருந்தும் வாய் திறக்கவில்லை.

நேற்று முருகேசன் அவருடைய சவப்பெட்டியைத் தோளில் சுமந்தான். அவனுக்கு எதுவும் தெரியாது. சேவியர் எனக்கென்று விட்டுப்போனது, என் வாயால் வரவேண்டிய ஒரே ஒரு வாக்கியம். முருகேசா, அலாரம் பழுதாகவில்லை. நான்தான் அணைத்தேன்.