வண்டு சாகவில்லை

போன ஞாயிற்றுக்கிழமை கொல்லிமலைக்குப் போய்விட்டு வந்தேன். அன்றிலிருந்து மனசு சரியில்லை.

அங்கே வாழவந்தி நாடு என்ற ஊரில் செல்லம்மாள் என்று ஒருவர் இருக்கிறார். கணவர் இறந்த பிறகு ஒன்றரை ஏக்கர் காபித் தோட்டத்தைத் தனி ஆளாகப் பார்த்துக்கொள்கிறார். எங்கள் வீட்டில் பல வருடங்களாக அவர் தோட்டத்துக் காபிதான். ஆடி மாதம் போன் செய்தார்.

"ஏனுங்கக்கா, காயெல்லாம் வண்டு ஓட்டை போட்டுருச்சுங்க. எப்பவும் அடிக்கிற மருந்துதான் அடிச்சேன். ஒண்ணும் கேக்க மாட்டேங்குது. நாமக்கல்ல வேற நல்ல மருந்து இருந்தா அனுப்பி உடறீங்களா?"

காபிக் காயைத் துளைத்து உள்ளே குடியேறும் கறுப்பு வண்டு அது. கடுகளவுதான் இருக்கும். எனக்கு மருந்தைப் பற்றி என்ன தெரியும்? நேரே கடைக்குப் போய், "இருக்கிறதிலேயே ஸ்ட்ராங்கானது கொடுங்க" என்றேன். கொடுத்தார்கள். மலைக்குப் போகும் பஸ்ஸில் அனுப்பிவைத்தேன். உதவி செய்துவிட்ட திருப்தி வேறு!

ஞாயிற்றுக்கிழமை போனபோது, செல்லம்மாள் ஒரு காயைப் பறித்தார். நகத்தால் பிளந்து என் உள்ளங்கையில் வைத்தார். வண்டு மெதுவாக ஊர்ந்தது.

"ரெண்டு தடவை அடிச்சேனுங்க. சொன்ன அளவுக்கு மேலயே ஊத்தி அடிச்சேன்..."

பழைய பாட்டிலையும் நான் அனுப்பியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெயர் வேறு, கலர் வேறு. அடியில் பொடி எழுத்தில் இருந்த மருந்து? இரண்டிலும் ஒன்றேதான்!

காபிப் பயிர் பற்றித் தெரிந்த நண்பரைப் போனில் பிடித்தேன். "ஒரே மருந்தை வருஷா வருஷம் அடிச்சா, தாங்காத வண்டு செத்துடும். தாங்கினது பெருகும். இப்ப அங்கே இருக்கிறதெல்லாம் தாங்கினதோட வாரிசா இருக்கும்" என்றார்.

நமக்குத்தான் எந்தக் கோளாறு வந்தாலும் 'இன்னும் கொஞ்சம் ஸ்ட்ராங்கா' என்பதைத் தவிர வேறு யோசனையே வருவதில்லையே...

செத்தது வேறு. வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளையன் என்பவரின் நிலம். ஏழு தேனீப் பெட்டிகள் வைத்திருந்தார். இரண்டாவது முறை மருந்தடித்த அன்று காற்று அந்தப் பக்கம் வீசியிருக்கிறது. மறுநாள் பெட்டிகளின் முன்னால் தேனீக்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக் கிடந்தனவாம்.

"சண்டை போட்டிருந்தாக்கூடப் பரவால்லீங்கக்கா. வந்து பாத்தாரு. எல்லாத்தையும் கூட்டி அள்ளினாரு. என்னைய ஒரு வார்த்தை கேக்கல" என்றார் செல்லம்மாள்.

வேலியைச் சுற்றிக்கொண்டு வெள்ளையனிடம் போனேன். காலிப் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அந்த மருந்தை வாங்கி அனுப்பினது நான்தாங்க" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நீங்க பத்திரிகையில எழுதறவங்கன்னு செல்லம்மா சொல்லியிருக்குது. இதையும் எழுதுங்க அம்மணி. நாலு பேரு பாட்டில்ல என்ன இருக்குதுன்னு பாத்து வாங்கட்டும். ஆனா செல்லம்மா பேரைப் போட்டுறாதீங்க. ஏற்கெனவே நொந்து கெடக்குது, பாவம்."

அவர் சொன்னபடியே செல்லம்மாளின் பெயரை மாற்றிவிட்டேன். அவர் பெயரையும்தான்.

மருந்து வாங்கி அனுப்பியவரின் பெயரை மட்டும் மாற்றவில்லை... இந்தப் பக்கத்தில், போட்டோவுக்குக் கீழேயே போட்டிருக்கிறது.