இப்பத்தான் ரொப்பினேன்

ஒரகடத்தில் கார் சீட் செய்யும் கம்பெனி ஒன்றில் பதினோரு வருடமாக நான் ஃபீடர். ஃபீடர் என்றால் லைனுக்குத் தீனி போடுகிறவன். லைனில் நிற்கிறவர்கள் கையை நீட்டினால் போல்ட்டும் நட்டும் ஸ்பிரிங்கும் டப்பாவில் இருக்க வேண்டும். ஒரு டப்பா காலியானால் லைன் நிற்கும். லைன் நின்றால் விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் சூப்பர்வைசர் ஓடி வந்து கேட்கும் முதல் கேள்வி, "எப்பப்பா ரொப்புன?" அதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரே பதில்தான். "இப்பத்தான் சார் ரொப்புனேன்." உண்மையில் எப்போது ரொப்பினோம் என்பது வேறு கதை. சேஃப்டி ஷூவின் கயிறு கட்டப் பழகுவதற்கு முன்பே இந்தப் பதில் எங்களுக்குப் பழகிவிடும். இந்தப் பதிலால்தான் என் மனைவியின் வேலை போனது.

அவள் வல்லம் வடகாலில் காருக்கு வயர் கட்டும் கம்பெனியில் டிரெய்னியாக இருந்தாள். பேர்தான் டிரெய்னி. புதிதாக வருகிற பெண்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்ததே அவள்தான். மூன்று வருடம் முடிந்தால் கையில் ஒரு சான்றிதழைக் கொடுத்து கேட்டுக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள். அவளுக்கு அந்த மூன்று வருடம் அடுத்த மாதக் கடைசியில் முடிய இருந்தது. பர்மனென்ட் ஆவதற்கு வழியே இல்லை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

அப்போதுதான் எச்.ஆர். அதிகாரி ஒரு சேதி சொன்னார். சுற்றுவட்டாரக் கம்பெனிகள் சேர்ந்து விளையாட்டுப் போட்டி நடத்துகின்றன, அதில் துப்பாக்கி சுடுதலும் உண்டு, முதல் மூன்று இடத்துக்குள் வருகிற பெண்ணைக் கம்பெனி விளையாட்டு அணியில் சேர்த்துப் பர்மனென்ட் ஆக்கிவிடுவோம் என்று. என் மனைவி அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "மாமா, எனக்காவே வெச்ச மாரி கீது இது" என்றாள்.

அவள் சொன்னதில் மிகை இல்லை. பள்ளிக்கூடத்தில் என்.சி.சி.யில் இருந்தபோதே துப்பாக்கி அவள் கைக்கு அடங்கிவிட்டது. கல்யாணமான புதிதில் திருவிழாவுக்குப் போனபோது பலூன் சுடும் கடையில் வரிசையாக எல்லாவற்றையும் உடைத்து வைத்தாள். கடைக்காரன் இரண்டாவது வரிசை கட்டிவிட்டு, "யம்மா தாயே, வேற கடைக்குப் போம்மா" என்று கும்பிட்டான். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது. எனக்கோ பத்தடியில் நிற்கும் பஸ்ஸின் நம்பரே சரியாகத் தெரியாது.

ஒரகடம் சாலையிலிருந்து உள்ளே, லாரிகள் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால், தனியார் ஒருவர் நடத்தும் சுடுமைதானம் இருக்கிறது. போட்டி அங்கேதான். காற்றுத் துப்பாக்கி, லைசென்ஸ் கேட்காத வகை. ஆனால் பலூன் கடைத் துப்பாக்கி மாதிரி ஒவ்வொரு குண்டாகப் போட்டுக் குழலை மடக்கிச் சுடுவது இல்லை. முப்பது இரும்புத் தகடுகள் வரிசையாக நிற்கும். ஒன்றரை நிமிடத்தில் எத்தனையைச் சாய்க்கிறோம் என்பதுதான் கணக்கு. சாதாரணமாகப் பத்துக் குண்டு பிடிக்கும் சின்ன மேகஸின்தான் கொடுப்பார்கள். நடுவில் இரண்டு முறை மாற்ற வேண்டும். மாற்றுகிற நேரத்தில்தான் பாதிப் பேர் தோற்பார்கள். விருப்பப்பட்டவர்களுக்கு டிரம் உண்டு. சாம்பார் டப்பா மூடி அளவுக்கு வட்டமாக, பின்பக்கம் சாவி வைத்தது. முப்பத்தாறு ஈயக் குண்டுகளை அடுக்கி, சாவியைத் திருகி ஸ்பிரிங்கை முறுக்கிவிட்டால், நிறுத்தாமல் கடைசித் தகடு வரைக்கும் சுடலாம். அதற்குள் குண்டு அடுக்குவது மட்டும் பெரிய பாடு. ஒன்று சாய்ந்தாலும் எல்லாம் சிக்கிக்கொள்ளும்.

நாலு ஞாயிற்றுக்கிழமை அவள் அங்கே டிரம்மோடு பழகினாள். நான்காவது வாரம் முப்பதில் இருபத்தொன்பது சாய்த்தாள். மைதானத்து நடுவர் முன்னாள் ராணுவக்காரர். சுலபத்தில் வாய் திறக்காத மனிதர். அவரே என்னிடம் வந்து, "உங்க வீட்டம்மா கை நடுங்கறதே இல்லங்க" என்றார். என் கையைப் பிடித்துப் பாராட்டியது போல எனக்குப் பெருமையாக இருந்தது.

துப்பாக்கியை வெளியே விட மாட்டார்கள். டிரம்மையும் ஒரு டப்பா குண்டையும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வரலாம். போட்டிக்கு இரண்டு வாரம் இருந்தது. நடுவில் அவளுக்கு ஓ.டி., அடுத்த ஞாயிறும் வேலை. வீட்டிலே குண்டு அடுக்கிப் பழகலாம் என்று டிரம்மை வாங்கி வந்தோம். பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வாடகை வீட்டின் தரையில் துண்டை விரித்து உட்கார்ந்தேன். அவள் அடுக்க வந்தபோது, "விடு, இது என் வேல" என்றேன். உண்மையிலேயே அது என் வேலைதான். ஒரு குண்டு சாயாமல் முப்பத்தாறையும் அடுக்கி, சாவியைக் கடைசிச் சுற்று வரைக்கும் முறுக்கி, பீரோவின் மேலே எடுத்து வைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து நடக்கிற போட்டிக்கு இன்றைக்கே எதற்கு ரொப்ப வேண்டும் என்று எவனும் கேட்பான். எங்களுக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. ஷிஃப்ட் முடிந்து போகும்போது அடுத்த ஷிஃப்டுக்கு டப்பாவை ரொப்பி வைத்துவிட்டுப் போவதுதான் எங்கள் வழக்கம். காலி டப்பாவோடு லைனை விட்டு வர மனசு வராது. ரொம்பியிருந்தால்தான் தூக்கம் வரும். அவளும் டிரம்மை இறக்கிக் கனம் பார்த்துவிட்டு, "ரொப்பிட்டியா? நல்லதாப் போச்சு" என்று மறுபடி மேலே வைத்தாள். பதினான்கு நாள் அது முறுக்கியபடியே அங்கே கிடந்தது.

போட்டியன்று காலையில் நடுவர் விதிகளை வாசித்தார். துப்பாக்கியும் டிரம்மும் மைதானத்துடையவை. அவற்றின் கோளாறாலோ மைதானத்தின் கவனக்குறைவாலோ சுடுவது தடைபட்டால் மறுவாய்ப்பு உண்டு. போட்டியாளர் தரப்புத் தவறு என்றால் அதுவரை விழுந்த தகடுகள் மட்டும்தான் கணக்கு. நான் பாதிதான் கேட்டேன். நாலைந்து கம்பெனிக்காரர்கள் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். அவளுடைய எச்.ஆர். அதிகாரியும் மோர் குடித்துக்கொண்டிருந்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் முறை வந்தது. காதில் கவசத்தை மாட்டிக்கொண்டு நின்றாள். விசில் அடித்ததும் தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. அவசரமும் இல்லை, தயக்கமும் இல்லை. வயர் கட்டும்போது அவள் கை இப்படித்தான் போகும் என்று நினைத்துக்கொண்டேன். பத்து, பதினைந்து, இருபது. இருபத்தொன்றாவது தகடு விழுந்தது. அடுத்தது வெறும் காற்றுச் சத்தம். மறுபடி காற்று. அவள் துப்பாக்கியைத் தாழ்த்திக் கையைத் தூக்கினாள். கடிகாரத்தில் இன்னும் அரை நிமிடம் மிச்சம் இருந்தது.

நடுவர் வந்து டிரம்மைக் கழற்றி மேஜைக்குக் கொண்டுபோனார். டிரம்மை ரொப்பியவன் என்று என்னைக் கூப்பிட்டார்கள். மூடியைத் திறந்து தட்டினார்; மிச்சக் குண்டுகள் உதிர்ந்தன. ஈயம் எவ்வளவு மிருது என்று அப்போதுதான் பார்த்தேன். ஒவ்வொரு குண்டின் அடிவிளிம்பும் நசுங்கி, நெல்லிக்காயை மிதித்தாற்போல் கோணியிருந்தது. அதில் ஒன்று வாயில் சிக்கி, பின்னால் வருவதையெல்லாம் மறித்துவிட்டது. அவர் ஒரு குண்டை விரலில் உருட்டியபடி தலை நிமிராமல் கேட்டார்.

"எப்பங்க ரொப்புனீங்க?"

"இப்பத்தான் சார். காலைல ரொப்புனேன்."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. பயந்துகூடச் சொல்லவில்லை. கேள்வி காதில் விழுந்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் பகீரென்றது. திரும்பிப் பார்த்தேன். அவள் நாலடி தள்ளிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். காதில் கவசம் மாட்டியபடியே இருந்தது. கேட்டிருக்காது என்று மூச்சு விட்டேன்.

"காலைல ரொப்புனதுன்னா, கட்டைவெரலால போட்டு அமுக்கியிருக்கீங்க" என்றார் நடுவர். காகிதத்தில் போட்டியாளர் தரப்புத் தவறு என்று எழுதினார். இருபத்தொன்று. ஐந்தாவது இடம். எச்.ஆர். அதிகாரி அவளிடம் வந்து, "அடுத்த வருஷம் பாக்கலாம்மா" என்றார். அடுத்த வருடம் அவள் அந்தக் கம்பெனியில் இருக்க மாட்டாள் என்பது அவருக்குத் தெரியாததா? வண்டியில் திரும்பும்போது அவள் என் தோளில் கை வைக்கவில்லை. பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தோற்ற வருத்தம் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நான்கு நாள் கழித்து, கையெழுத்துப் போட்டு வாங்கியதில் மீதிக் குண்டு டப்பாவைத் திருப்பிக் கொடுக்க மைதானத்துக்குப் போனேன். நடுவர் தனியாக இருந்தார். டீ கொடுத்தார். மனது கேட்கவில்லை, உண்மையைச் சொல்லிவிட்டேன். பதினாலு நாள் சார் என்றேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"முறுக்கி வெச்சா அந்த அழுத்தத்துலயே ஈயம் நசுங்கிப் போவுங்க. ரொப்பி வெக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் நாங்க டிரம்மக் குடுத்திருக்கணும். சொல்லல. அது எங்க தப்பு. அன்னிக்கு நான் எதுக்குக் கேட்டேன்? ரெண்டு நாளு மூணு நாளுன்னு நீங்க சொல்லியிருந்தாப் போதும். வேற டிரம்மக் குடுத்து மறுபடி விட்டிருப்பேன். அந்தம்மா முப்பதும் சாச்சிருக்கும்."

"இப்ப எதுனா செய்ய முடியுமா சார்?"

"கப்பு குடுத்தாச்சுங்க" என்றார்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். எங்கள் விஷயத்தில் வாயே கெடுத்தது. மாதக் கடைசியில் அவளுடைய கார்டை வாங்கிக்கொண்டு சான்றிதழைக் கொடுத்து அனுப்பினார்கள். கடைசி ஷிஃப்ட் முடிவதற்கு முன் அடுத்த ஷிஃப்ட் பெண்ணுக்காக டப்பாக்களை ரொப்பி வைத்துவிட்டுத்தான் வந்தேன் என்று சொன்னாள். இப்போது வடக்கத்திப் பெண்கள் தங்கும் ஹாஸ்டலின் சமையலறையில் காய் நறுக்குகிறாள். அங்கே டிரெய்னி, பர்மனென்ட் என்று எதுவும் இல்லை. வராதே என்றால் நின்றுகொள்ள வேண்டியதுதான்.

மூன்று மாதம் வரைக்கும் அவளிடம் சொல்லத் துணிவு வரவில்லை. போன வாரம் ஒரு சாயங்காலம் அவள் விரலில் கத்தி பட்டு, துணி சுற்றிக்கொண்டு வந்தாள். முப்பது தகட்டுக்கு நேராக நடுங்காமல் நின்ற விரல் அது. பார்த்ததும் தாங்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நடுவர் கேட்டது, நான் சொன்னது, அவர் பிறகு சொன்னது. அவள் துணியை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள்.

"தெரியும் மாமா" என்றாள். "அவரு கேட்டதும் கேட்டுச்சு, நீ சொன்னதும் கேட்டுச்சு. அந்தக் காதுமாட்டிக்கு ஒரு பக்கம் ஸ்பாஞ்சே கெடயாது."

"அப்ப ஏன் நீ வாயத் தொறக்கல?"

"நீயே மாத்திச் சொல்லுவன்னு பாத்துகினு இருந்தேன். அவரு எழுதி முடிக்கிற வரிக்கும் உன் மூஞ்சியத்தான் பாத்துகினு இருந்தேன். நீ சொல்லல. அத்தினி பேரு எதிர்ல எம் புருஷன் பொய் சொல்றான்னு நான் எப்டி மாமா சொல்லுவேன்?"

அவள் கத்தியிருந்தால் பொறுத்திருப்பேன். எழுந்து போய் உலை வைத்தாள். இனிமேல் கேட்ட கேள்விக்குக் கேட்டபடி பதில் சொல்ல வேண்டும், வேலை போனாலும் சரி என்று அங்கே உட்கார்ந்தபடியே முடிவு செய்தேன். சத்தியம் என்றே சொல்லலாம்.

மறுநாள் காலை ஷிஃப்டில் ஸ்பிரிங் டப்பா காலியாகி விளக்கு எரிந்தது. சூப்பர்வைசர் ஓடி வந்து, "எப்பப்பா ரொப்புன?" என்றார்.

"இப்பத்தான் சார்" என்றேன்.