கமலேஸ்வரியின் முழங்கால்

முன்னுக்கு ஒரு அடிகூட நகராத சைக்கிளைக் கமலேஸ்வரி மிதித்துக்கொண்டிருக்கிறாள். பின்சில்லைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தியிருக்கிறது. சில்லோடு உரசும் டைனமோவிலிருந்து போகும் வயர்தான் றேடியோவுக்கு உயிர். போர்க்காலம். கரண்ட் இல்லை, பற்றரிக்கும் தடை. தர்மபுரத்தில் செய்தி கேட்க யாராவது ஒருவர் வியர்க்க வேண்டும். அந்த வீட்டில் வியர்ப்பது எப்போதும் அவள்தான். புருஷன் நல்லதம்பி றேடியோ திருத்துகிறவர். அவருக்கு மூளை வேலை.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எந்த ஸ்பீக்கர் எவ்வளவு தின்று எவ்வளவு கத்தும் என்பதை முழங்காலால் சொல்லிவிடுவாள். சத்தத்தைக் கூட்டக் கூட்ட மிதி இறுகும். இறுகியும் சத்தம் வராவிட்டால், "இது சாப்பாட்டுக்கு மட்டும் வந்த சனியன்" என்று ஒதுக்கிவிடுவாள்.

போன கிழமை நல்லதம்பி பெரிய பெட்டி ஸ்பீக்கர் ஒன்றோடு வந்தார். மாற்றாகப் போனது அவளுடைய முட்டைக்கோழி. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது, நியாயந்தான்.

"அறுவது வாட்ஸடி! ஊருக்கே கேக்கும்."

"இஞ்சேருங்கோ, அது தாங்கிற அளவு, தாற அளவில்லை. எங்கட வண்டில் மாடு இருவது மூட்டை இழுக்குது. அதுக்காக இருவது போத்தல் பால் கறக்குமே?"

சண்டைக்குக் காரணம் கோழி மட்டுமல்ல. பக்கத்து வீட்டுப் பத்மாசனி அக்காவின் ஒரே மகன் பிரதீபன் வெளிநாடு போய் இரண்டு வருடம். ஒரு தகவலும் இல்லை. ஞாயிறு பின்னேரம் வெளிநாட்டு வானொலியில் அவன் வாழ்த்து வாசிப்பார்களாம் என்று வவுனியாவிலிருந்து வந்தவர் சொன்னார். அக்காவுக்கோ காது மந்தம், ஷெல் விழுந்தாலும் "ஆர் படலையைத் தட்டினது?" என்று கேட்பவர். ஒருமுறை தவறவிட்டால் மறுபடி வாசிக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை கமலேஸ்வரி அக்காவைக் கிணற்றடியில் கதிரை போட்டு இருத்தினாள். இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே நிலையம், ஒரே மிதி, சத்தத் திருகியும் ஒரே இடத்தில். முதலில் பெட்டி பாடியது. கடிக்க வந்த நுளம்பென்று நினைத்து அக்கா காதருகே கையை வீசினார். பிறகு, செத்துப்போன பழைய றேடியோவில் கழற்றிய ஸ்பீக்கரை மண்பானை வாயில் வைத்துக் கட்டி மிதித்தாள்.

"ஏன் பிள்ளை கத்திறாய்?" என்றார் அக்கா.

கமலேஸ்வரி புருஷன் பக்கம் திரும்பினாள். "பாத்தியளே? இதின்ர கடுதாசிக் கூம்பு மெல்லிசு, ஊதினாலே ஆடும். உங்கட பெட்டிக்கை கிடக்கிறது சப்பாத்துத் தோல்."

நல்லதம்பி ஞாயிறு பின்னேரம் அந்தப் பெட்டியின் மேல்தான் குந்தியிருந்தார். இருக்கைக்கு அது நல்ல பெட்டி.

பெயர்கள் வரிசையாக வந்தன. கமலேஸ்வரியின் முழங்கால் எரிந்தது, மிதி குறையவில்லை. பானை சொன்னது: "தர்மபுரத்தில் இருக்கும் அம்மா பத்மாசனிக்கு, மகன் பிரதீபன். நான் சுகமாக இருக்கிறேன்." அடுத்த பெயர் தொடங்கியது.

அக்கா எழுந்து வந்தார். "காணும் பிள்ளை, இனி ஒண்டும் கேக்க வேண்டாம்" என்று குனிந்து, சுற்றிக்கொண்டிருந்த அந்தக் காலை இரண்டு கைகளாலும் பிடித்து நிறுத்தினார்.