கொடி பிடித்த இரண்டு பேர்

கிளைவ் தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினார். மேசை விரிப்பு நனைந்து, சூடு மடியில் இறங்கும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தார். விபத்து நடந்து ஆறு வாரங்கள் ஆகியிருந்தன. "கை நடுங்கிவிட்டது" என்றார். கை நடுங்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவர் என் கணவர், ஆங்கிலேயர், கார்ப் பந்தய ஓட்டுநர். நான் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்குத் தாதிப் பயிற்சிக்குப் போனவள். அங்கே ஒரு கண் வார்டில் ஐந்து வருடம் வேலை செய்தேன். என் குற்றம் அதில்தான் இருக்கிறது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இங்கிலாந்தில் சிறிய கார்களில் அடுத்தடுத்து வென்ற அவரைப் பெரிய அணி ஒன்று எடுத்தது. ஒரே பருவத்தில், வேகம் போதாது என்று கைவிட்டது. எழுபதுகளின் தொடக்கத்தில் மெல்பேர்ணுக்கு வந்தோம். இங்கே மறுபடி எழுந்தார். இரண்டு வருடம் அவரை முந்த ஆளில்லை. இறைச்சிக் கடைக்காரர்கூட அவர் பெயரைச் சொல்லி எனக்கு நல்ல துண்டாக வெட்டித் தருவார். பிறகு ஒரு மழைநாளில் கார் தடுப்புச் சுவரில் மோதியது. மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்தார்.

வீட்டுக்கு வந்தபின் தலையை வலப்பக்கம் சாய்த்தே வைத்திருந்தார். கழுத்து வலி என்றார். எனக்கு விளங்கிவிட்டது. தலையில் அடிபட்டவர்களுக்கு நான்காவது மண்டை நரம்பு (கண்ணைக் கீழே திருப்பும் தசையை இயக்குவது) செயலிழக்கலாம். அப்போது டிப்ளோபியா (ஒரு பொருள் இரண்டாகத் தெரிவது) வரும். தலையைச் சாய்த்தால் இரண்டும் ஒன்றாகும். தலைக்கவசமும் பட்டியும் இறுக்கியிருக்க, வளைவில் திரும்பும்போது எப்படிச் சாய்ப்பது?

உரிமத்துக்கான கண் சோதனைக்கு அணியின் முதலாளியும் வந்திருந்தார். மருத்துவர் இடது கண்ணை மறைத்து எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். பிறகு வலது கண்ணை. "இரண்டு கண்ணும் அருமை" என்றார். ஒரு கண்ணை மூடினால் இரட்டைக் காட்சி மறைந்துவிடும். இரண்டையும் திறந்துவைத்துச் சோதிக்க அந்த மனிதருக்குத் தோன்றவில்லை.

"வேறு ஏதாவது தொல்லை?"

கிளைவ் என்னைப் பார்த்தார். பிறகு, "இல்லை" என்றார். நான் கைப்பையைத் திறந்து, அதில் இல்லாத எதையோ தேடினேன்.

மூன்று வாரம் கழித்துப் பந்தயம். ஐந்தாவது சுற்றில், எச்சரிக்கைக் கொடி காட்டிக்கொண்டு நின்ற ஊழியரை நோக்கி அவருடைய கார் நேரே போனது. அந்த மனிதர் தடுப்பைத் தாண்டிக் குதித்தார். கணுக்கால் முறிந்தது. உயிர் தப்பியது.

வீடு திரும்பும் வழியில் கிளைவ் சொன்னார்: "கொடியோடு இரண்டு பேர் நின்றார்கள், சறோ. நான் பொய்யான ஆளைத் தவிர்த்துவிட்டேன்."

திங்கட்கிழமை காலை, அவரிடம் சொல்லாமல், அதே மருத்துவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்கள் கண் வார்டுத் தாதி. அன்றே ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார். நீங்கள் ஏன் பார்க்கவில்லை என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்தக் கேள்வி இன்னும் என்னிடமே இருக்கிறது.

உரிமம் போனது. அணியின் உடுப்பைத் திருப்பி அனுப்பும்படி முதலாளியின் செயலாளர் தொலைபேசியில் சொன்னார். விபத்துக்குப் பின் கிளைவ் பயந்துவிட்டார் என்று பத்திரிகைகள் எழுதின. முதலாளியை நானே அழைத்தேன்.

"நரம்பு செத்த மனிதரைக் கோழை என்று எழுதுகிறார்கள். மருத்துவர் உங்களிடமும் சொல்லியிருக்கிறார், உண்மை உங்களுக்குத் தெரியும். சொல்லுங்கள்."

"எல்லாரும் சீக்கிரம் மறந்துவிடுவார்கள், அம்மணி" என்றார். அவர் மறந்துவிட்டார் என்பது உண்மை. அடுத்த வாரமே புது ஓட்டுநரோடு படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்.

கிளைவ் என்னோடு பேசவில்லை. ஒரு மாதத்துக்கு மேல். ஒரு கண்ணில் துணி ஒட்டிக்கொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். உடுப்பைத் தோய்த்தேன், சமைத்தேன், அவர் தட்டை மேசையில் சத்தமாக வைத்தேன். சிட்னியின் பரமட்டாவிலிருந்து என் அண்ணா ரயிலில் வந்தார்.

"நீ செய்தது சரி, தங்கச்சி. ஆனா பிந்திச் செய்தனீ."

"ஓம் அண்ணா. பிந்தித்தான்."

ஒருநாள் கிளைவ் தனியாக பஸ் பிடித்து, கொடி பிடித்த அந்த மனிதரைப் பார்க்கப் போனார். திரும்பி வந்து, நான் சமைத்துக்கொண்டிருந்த குசினியின் வாசலில் நின்றார். "அவருக்கு மூன்று பிள்ளைகள்" என்றார். அத்தனை நாளுக்குப் பிறகு என்னிடம் சொன்ன முதல் வார்த்தைகள் அவை. அவர் உட்காரக் கதிரையை இழுத்துப் போட்டேன்.

நரம்பு தானாகத் தேறலாம், ஒரு வருடம் பொறுங்கள் என்றார் கண் நிபுணர். அதுவரை பிரிசம் கண்ணாடி (ஒளியை வளைத்து இரண்டு காட்சியையும் ஒன்றாக்குவது). நரம்பு தேறவில்லை. கண் தசையில் அறுவை செய்தார்கள். நேரே பார்த்தால் உலகம் ஒன்றானது. கீழே பார்த்தால் இன்றைக்கும் இரண்டு.

"கார் ஓட்டலாமா?" என்று கேட்டார் கிளைவ்.

"பழகியபின் கடைக்குப் போய்வரலாம். பந்தயம் வேண்டாம்."

உங்கள் வீட்டில் தலையில் அடிபட்டவர் இருந்தால், இரண்டு கண்ணையும் திறந்துவைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அவர் மறைப்பார். நீங்கள் சேர்ந்து மறைக்காதீர்கள். அவர் உங்களை வெறுக்கட்டும். உயிரோடு இருந்து வெறுக்கட்டும்.

அறுவை நடந்த வருடக் கடைசியில் அண்ணாவைப் பார்க்க சிட்னிக்குப் போனோம். நான்தான் ஓட்டினேன். வேறொருவர் ஓட்டும் காரில் கிளைவ் ஒருநாளும் கண் மூடியதில்லை. அங்கே இல்லாத பிரேக்கை அவருடைய வலது கால் மிதித்துக்கொண்டே இருக்கும். ஒரு சுற்றை விநாடியின் பத்தில் ஒரு பங்காக உடைத்து எண்ணி வாழ்ந்தவர். பாதி வழியில், கண்டகாய் என்ற ஊரைத் தாண்டியதும் பக்கத்தில் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். வாய் சற்றே திறந்திருக்க, தூங்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு அவர்மேல் கோபம் தீரவில்லை. என்மேலும் தீரவில்லை. ஆனாலும் வளைவு வரும்போதெல்லாம் என் கால் தானாகவே வேகத்தைக் குறைத்தது, அவர் தலை கண்ணாடியில் இடித்துவிடாதபடி. பின்னால் வந்த லொறி ஹோர்ன் அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டேன். சிட்னி போய்ச் சேர எத்தனை மணி நேரம் எடுத்தது என்று அண்ணா கேட்டபோது இரண்டு பேருக்கும் சொல்லத் தெரியவில்லை.