பாமா அடுப்படியில் ஒட்டிய சீட்டு

தெலுங்கு பேசும் ஊரான குஷாய்குடாவில், எங்கள் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில், எழுபத்தெட்டாம் வருஷம் கேஸ் அடுப்பு வைத்திருந்தவர்களுக்குத் தனி மவுசு. ஆறு வருஷம் பெயர் பதிந்து காத்திருந்து வாங்கியதாயிற்றே! சிலிண்டர் எத்தனை நாள் வந்தது என்பதில்தான் பெண்களுக்குள் போட்டி. நான் ஐம்பத்திரண்டு நாள் ஓட்டியவள். லலிதாம்பாள் என்றால் காலனியில் அதுதான் பேர்.

பக்கத்து வீட்டு பாமாவுக்கு முப்பத்தைந்து நாள்தான் வந்தது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "காத்து அடிச்சா ஜ்வாலை அலையறதுடி. ஜன்னலைச் சாத்தி, இடுக்கெல்லாம் மைதா பசை தடவிப் பேப்பர் ஒட்டு" என்று யோசனை சொன்னேன். அன்று சாயங்காலமே ஒட்டிவிட்டாள்.

பாமா சாது. ஆனால் எடுத்த காரியத்தை விடமாட்டாள். எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வார்னிஷ் பிரிவில் வேலை. பகலெல்லாம் வார்னிஷைக் கரைக்கிற தின்னர் டப்பாக்களில் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டுவாள். வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தால் சாப்பாடு முடியும்வரை சமையலறைதான். அவள் மகள் ருக்மிணிக்கு நாலு வயது. அம்மா காலடியிலேயே சொப்பு வைத்து விளையாடும்.

மார்கழியில் ருக்குவுக்கு இழுப்பு கண்டது. மூச்சு விசிலடிக்கிற சத்தம் சுவர் தாண்டி எனக்கே கேட்கும். மாரெட்பள்ளி டாக்டர், இந்த ஊர்க் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். பாமாவின் புருஷன் ஜம்புநாதன் உடனே ரயில் டிக்கெட் எடுத்துவிட்டார். தஞ்சாவூரில் அவர் அக்கா வீட்டில் குழந்தையை விட்டுவிடுவது, பள்ளிக்கூடமும் அங்கேயே என்று ஏற்பாடு. பாமா அழுத அழுகையைச் சொல்லி மாளாது.

கிளம்ப எட்டு நாள் இருக்கும்போது, தொழிற்சாலையில் காற்றை வெளியே தள்ளும் பெரிய விசிறி நின்றுபோனது. சூப்பர்வைசர் உலகநாதன் ஓடிவந்து எல்லோரையும் வெளியே விரட்டினார். பாமாவைப் பார்த்துக் கத்தினார்: "நீ ஒட்டுற சீட்டை நீயே படிக்க மாட்டியாம்மா? காத்தோட்டம் இல்லாத இடத்துல நிக்கக் கூடாதுன்னுதானே போட்டிருக்கு!" வெளியே வந்த பாமாவுக்கு நெற்றி விண்விண்ணென்று தெறித்தது. அது அவளுக்குப் பழகிய தலைவலி. தினமும் அடுப்படியில் வருகிற அதே தலைவலி.

வீட்டுக்கு வந்தவள் கைப்பையைக்கூட இறக்காமல் ஜன்னல் பேப்பரைக் கிழித்தாள். ருக்குவைச் சமையலறைப் பக்கமே விடவில்லை. "ஏன்னா, ஒரு வாரம் பார்ப்போம். சரியாகலைன்னா நானே ரயிலேத்தி விடறேன்" என்று புருஷனிடம் கெஞ்சினாள். மனுஷர் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார்.

மூன்றாம் நாள் சத்தம் குறைந்தது. ஏழாம் நாள் நான் சுவரில் காதை வைத்தே கேட்டேன். ஒன்றுமில்லை! அப்பாடா, எனக்கு உயிரே வந்தது. "அதுவும் காரணமா இருக்கலாம்மா. கேஸ் எரியறப்போ வர்றது கண்ணுக்குத் தெரியாது, ஆனா குழந்தை நெஞ்சுக்கு ஆகாது" என்றார் டாக்டர். ஜம்புநாதன் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, வரும் வழியில் ஜிலேபி வாங்கி வந்தார்.

பாமாவுக்கு ஆறவில்லை. கேஸ் கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டாள். "தின்னர் டப்பாவுக்குச் சீட்டு உண்டு, குழந்தை பக்கத்துல எரியற அடுப்புக்குக் கிடையாதா?" அவர் சிரித்தார். "அரே அம்மா, அதெல்லாம் ஒட்டினா ஜனங்க பயப்படுவாங்க."

அவளே சிவப்பு மசியில் தமிழிலும் தெலுங்கிலும் எழுதினாள்: 'அடுப்பு எரியும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும். குழந்தைகள் தள்ளி இருக்கட்டும்.' வீடு வீடாகப் போய் அடுப்புக்கு மேலே ஒட்டினாள். என் வீட்டுக்கும் ருக்குவோடு வந்தாள். எனக்கு வெட்கம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். "என் மானத்தை வாங்க வந்தியா?" என்று சீறினேன்.

"உங்க பேரை யார்கிட்டயும் சொல்லலை மாமி. ஒட்டச் சொன்னது நீங்க, ஒட்டினது நான். ஜன்னலைச் சாத்தாதேன்னு நம்ம ரெண்டு பேருக்கும் யார் சொன்னா?"

ருக்குவை இழுத்து மடியில் வைத்து முதுகில் கையை வைத்தேன். "நக்கோ மாமி, வேண்டாம், கூச்சமா இருக்கு" என்று நெளிந்தது. தஞ்சாவூருக்கு அனுப்பியிருந்தால், மூடின அடுப்படியை விட்டுப் போனதாலேயே இவளுக்கு நிச்சயம் குணமாகியிருக்கும். எல்லாம் ஊர்க் குளிர்தான் என்று நாங்களும் நம்பியிருப்போம், குழந்தையைத் திரும்ப அழைத்தே வந்திருக்க மாட்டோம்.